சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு பெரிய தொட்டி

ஆறடி நீளத்தில் மீன் தொட்டி வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும், டேப்பை எடுக்கும் முன் அவர்கள் வீட்டுப் போர்த் தண்ணீரில் ஒரு வாளி கேட்பேன். "தொட்டி கட்ட வந்தீங்களா, தண்ணி டெஸ்ட் எடுக்க வந்தீங்களா அண்ணாச்சி?" என்று சிரிப்பார்கள். வேறு ஊரில் இந்த வரிசை மாறலாம். ஆலங்குளத்தில் மாறாது. தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை; வெம்பக்கோட்டைப் பக்கம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். இங்கே ஆலை வந்ததே பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடப்பதால்தான். அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு வரும் தண்ணீர்தான் போரிலும் விழுகிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைச் சுரண்டினால் வெள்ளையாக உதிரும்.

வாளித் தண்ணீரை உடனே சோதிப்பதில்லை. ஒரு ராத்திரி ஏர் பம்ப் போட்டு விட்டுக் காலையில் பார்ப்பேன். பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும்; அது வெளியேறியதும் பி.எச். ஏறும். மாலையில் 7.4 காட்டிய தண்ணீர் காலையில் 8.2 காட்டும். மீன் குடியிருக்கப் போவது காலைத் தண்ணீரில்.

அடுத்து மீன் பேச்சு. வீடியோ பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் கேட்பது டிஸ்கஸ். அமேசானின் மென்மையான, சற்றுப் புளித்த தண்ணீரில் வளர்ந்த மீன் அது. ஆர்.ஓ. போட்டு வைக்கலாமே என்பார்கள். கணக்குச் சொல்வேன். 680 லிட்டர் தொட்டியில் வாரம் மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் 220 லிட்டருக்கு மேல் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. எந்திரம் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிற ஜில்லாவில் வாரா வாரம் ஐந்நூறு லிட்டரைச் சாக்கடையில் விட எனக்கு மனசு வராது. அப்படித்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு ஆளைக் கைகாட்டி விடுவேன்.

எங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீன் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளில் இருக்கிறது. சிக்லிட் குடும்பம். மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று கடல்மீன் போல நிறம், பி.எச். 8க்கு மேல் இருந்தால்தான் அதற்குச் சுகம். ஆப்பிரிக்க மீன் நம்ம தண்ணீரில் பிழைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களைக் கண்மாய்க்கு அனுப்பலாம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த திலாப்பியா, நாம் பொரித்துத் தின்கிற ஜிலேபிக் கெண்டை, அதே குடும்பம்தான். யாரும் பி.எச். பார்க்காமலே கண்மாய் கண்மாயாகப் பெருகிவிட்டது. கேரளத்துக் கரிமீனும் இந்த வகையறாதான்.

மீன் முடிவான பிறகுதான் அளவு. எல்லோருக்கும் உயரம் வேண்டும். சினிமாவில் பார்த்த மாதிரி சுவர் நிறையத் தண்ணீர். கண்ணாடியைத் தள்ளுவது தண்ணீரின் உயரம். தொட்டி எத்தனை லிட்டர் என்று கண்ணாடிக்குத் தெரியாது. 6 அடி நீளம், 2 அடி உயரத்துக்கு நிரப்பினால் முன்கண்ணாடி மேல் விழும் தள்ளு சுமார் 340 கிலோ. உயரத்தை அரை அடி கூட்டுங்கள், 530 கிலோவுக்குப் போய்விடும். தண்ணீர் கால்பங்குதான் கூடியிருக்கும், தள்ளு பாதிக்கு மேல் கூடிவிடும். முன்பின் அகலத்தைக் கூட்டினாலோ முன்கண்ணாடிக்கு ஒரு கிலோகூடக் கூடாது, மீனுக்கும் திரும்ப இடம் கிடைக்கும். அதனால் 2 அடி உயரம், 12 மி.மீ. கண்ணாடி, மேலே சுற்றிலும் ஒட்டுப்பட்டை, நடுவில் ஒரு குறுக்குப்பட்டை என்பது நான் அதிகம் கட்டுகிற தொட்டி.

தண்ணீர் 680 கிலோ, கண்ணாடி 120 கிலோ, கல், மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். அது நிற்கிற இடம் ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வீட்டுத் தளத்துக்கு ஐ.எஸ். 875 விதியில் உள்ள சுமைக் கணக்கோ சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். மாடி வீட்டுக்காரர்களிடம் கீழே இடம் இருக்கிறதா என்று கேட்பது இதற்காக. கீழ்த்தளத்திலும் ஒரு சங்கதி உண்டு. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வசதியாக கொத்தனார் வாசலைப் பார்த்து வாட்டம் வைத்திருப்பார். கண்ணுக்குத் தெரியாது, ஆறடிக்கு ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஒரு பக்கம் ஓடும். ஸ்டாண்டின் கால்களுக்கடியில் தகடு கொடுத்து மட்டம் எடுத்த பிறகே அதன் மேல் பிளைவுட்டும் தெர்மோகோலும்.

ஒட்டுகிற வேலைதான் கைக்குப் பிடித்த வேலை. முன்கண்ணாடி ஒன்றே 33 கிலோ. வேக்கம் கப் போட்டு இரண்டு பேர் தூக்க வேண்டும். விளிம்பு பாலிஷ் செய்திருக்க வேண்டும், அசிட்டோனால் துடைத்திருக்க வேண்டும், துடைத்த பிறகு விரல் படக்கூடாது. சிலிக்கானைத் தாராளமாக இழுத்துவிட்டு, கண்ணாடியை அதில் உட்கார வைக்கிறபோது அமுக்கக்கூடாது. புதியவர்கள் அமுக்கிப் பிதுக்கி எடுத்து விடுவார்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு மி.மீ. அளவுக்குச் சிலிக்கான் நிற்கவேண்டும், பிடிமானம் அதில்தான். உள்மூலைகளை ஒரே இழுப்பில், மேலே தோல் கட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும். குளியலறைக்குப் பூசுகிற, பூஞ்சைக்கு மருந்து கலந்த சிலிக்கான் ஆகாது. அந்த மருந்து மீனையும் கேட்கும்.

வினிகர் நெடி அடிக்கிற இந்தச் சிலிக்கான் காய்வது பெயிண்ட் காய்வது மாதிரி இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து 1923இல் பக்கத்துச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியதற்கும், பின்னால் பட்டாசு இங்கே வேரூன்றியதற்கும் துணை நின்றது மழை குறைந்த, வறண்ட காற்று. குச்சிக்கும் திரிக்கும் வரமான அதே காற்று என் தொழிலுக்கு எதிரி. சித்திரை வெயிலில் வெளியே இறுகின மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். கதவைச் சாத்தி, கண்ணாடியில் படாமல் நனைத்த சாக்குகளைத் தொங்கவிடுவேன். நெடி அடியோடு போகும் வரை தண்ணீர் ஊற்ற விடமாட்டேன். கார்த்திகை மழையில் ஒட்டுகிற தொட்டிக்கு இந்தப் பாடு இல்லை.

இரும்புச் சட்டத்தில் மக்கு வைத்துக் கண்ணாடி பொருத்திய தொட்டிகள்தான் 1960கள் வரைக்கும். 1909இல் மெரினாவில் திறந்த மீன் காட்சியகத்தின் காலத்தில் சிலிக்கான் என்ற சரக்கே கிடையாது. அவர்கள் எப்படிக் கசியாமல் வைத்தார்கள் என்று பழைய தொட்டிக்காரர் யாராவது இருந்தால் உட்கார்ந்து கேட்க ஆசை.

அலங்காரத்துக்குக் கல் தேடி அலைய வேண்டியதில்லை, காலடியில் கிடக்கிறது. ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்த தண்ணீரில் சுண்ணாம்புக்கல் பெரிதாகக் கரையாது. வெடி வைத்துப் பெயர்த்த கல்லை மட்டும் எடுக்கமாட்டேன். குவாரி வெடிமருந்தில் அம்மோனியம் நைட்ரேட் உண்டு. சிக்லிட் மணலைத் தோண்டும் மீன், அதனால் முதலில் கல், பிறகு மணல். மணல் மேல் கல்லை அடுக்கினால் மீனே அடியைப் பறித்துக் கண்ணாடி மேல் சாய்த்துவிடும்.

இனி பொறுமை. மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும். இரண்டும் பில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம். எந்த ஊருக்கும் பொதுவான விதிதான். ஆனால் இங்கே கெடுபிடி அதிகம். பி.எச். 7, வெப்பம் 30 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமான பங்கு நூற்றுக்கு ஒன்றைத் தொடாது. பி.எச். 8.2இல் அதுவே 11 விழுக்காடு. சென்னை கொளத்தூரிலிருந்து மீன் வாங்கி வருகிறவர், "அங்கே ஒரு வாரத்திலேயே மீன் விடுறாங்களே" என்பார். அங்கத்துத் தண்ணீரில் தப்பித்தது இங்கத்துத் தண்ணீரில் தப்பிக்காது. பில்டர் பழகிய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிப் பஞ்சு கொண்டுபோய் வைத்தால் நாள் குறையும்.

கோடையில் திறந்த தொட்டியிலிருந்து தினம் ஏழெட்டு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கும். அதை ஈடுகட்டப் போர்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மாதத்துக்கு மாதம் தொட்டி கடினமாகும். ஆர்.ஓ. தண்ணீருக்கு நான் சம்மதிக்கிற ஒரே இடம் இந்த ஈடுகட்டல். மொட்டைமாடி மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது.

தீபாவளிக்கு இன்னொரு யோசனை சொல்லி வைப்பேன். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் ஊதுகிறது. அன்றைக்கு அந்தக் காற்றில் கந்தகப் புகை இருக்கும். ஜன்னலைச் சாத்தி, பம்பை உள்ளறைக்கு மாற்றி, குழாயை நீட்டிவிட்டால் போதும். பட்டாசு ஆலைக்குப் போய்வருகிறவர்கள் வீட்டிலோ பட்டாசு மருந்துத் தொல்லை வருஷம் முழுக்க உள்ள சங்கதி. அலுமினியப் பவுடர் பட்ட கை வெள்ளியாய் மின்னும், ஒரு கழுவலில் போகாது. அந்தக் கையோடு தொட்டிக்குள் கைவிடக்கூடாது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை இரை போடச் சொல்லுங்கள் என்பேன். சில வீடுகளில் தொட்டி அந்தப் பிள்ளையின் பொறுப்பாகவே ஆகிவிட்டது. தண்ணீர் மாற்றும் நாளைக் கேட்டு எனக்குப் போன் பண்ணுவதும் அதுகள்தான்.