முள்ளுக்குள் இருந்த காடு

பெப்ரவரி, சனி, முற்பகல்

மாத்தளையிலிருந்து நாவுல வழியாகத் தம்புள்ளைக்கு பஸ். அங்கிருந்து கண்டலம வீதியில் பொப்ஹாம் மரச்சோலைக்கு மகளும் நானும் வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ஜெப்ரி பாவா வடிவமைத்த சிறிய வீடுதான் இங்கே பார்வையாளர் நிலையம். அதை நின்று பார்க்க விடாமல் வழிகாட்டி எங்களை நேரே ஒரு முட்புதரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதுக்குள்ள என்ன மரம் இருக்கு, சொல்லுங்க மிஸ்."

எனக்கு முள்தான் தெரிந்தது. அவர் கையை விட்டு ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மகளிடம் நீட்டினார். நாரத்தை வாசம்! முழங்கால் உயரம்கூட இல்லாத முதிரைக் கன்று. எலுமிச்சைக் குடும்பத்து மரம் அது. அதே புதரில் ஒரு கருங்காலியும் ஒரு வீரையும் இருந்தன.

தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த சாம் பொப்ஹாம் 1963இல் இந்த இடத்தை எடுத்தபோது, இது சேனைக்காக வெட்டி எரித்துக் கைவிட்ட பற்றைக்காடு. அவர் முதலில் நட்ட கன்றுகள் சரியாக வரவில்லை. ஆனால் யாரும் நடாமலே பற்றைக்குள் நாட்டு மரங்கள் தலைநீட்டின. அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் முள்ளை வெட்டி, கொடியை விலக்கி, கன்றுக்கு வெளிச்சம் விட்டதுதான். இன்று ஏறத்தாழ 36 ஏக்கர். பாலை, முதிரை, கருங்காலி எல்லாம் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கின்றன. கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இதைப் பராமரிக்கிறது.

கத்தி பிடிக்கிற கைக்கு எதை வெட்டக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. பூவும் காயும் இல்லாத வயதில், இரண்டு மூன்று இலையை மட்டும் வைத்து ஒரு மரத்தை அடையாளம் காண்பது பெரிய படிப்பு என்றே நினைக்கிறேன்.

சனி, இரவு

ஆறுமணிக்குருவி கத்தி ஓய்ந்தபின் தேவாங்கு பார்க்கப் புறப்பட்டோம். வழிகாட்டியின் டோர்ச்சில் சிவப்பு வெளிச்சம். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாதாம். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கிளைகளுக்கு நடுவே இரண்டு கங்குகள். மெலிந்த கையால் கொப்பைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக அடுத்த மரத்துக்குப் போனது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தேவாங்குக்குப் பாயத் தெரியாது மிஸ். கொப்போட கொப்பு தொடணும். இல்லாட்டி நிலத்தில இறங்கணும், அங்க நாய் இருக்கு."

அப்படியானால், இடைவெளி விட்டு நட்ட அழகான மரவரிசையில் இதற்கு வாழ்வில்லை. பிணைந்து வளர்ந்த காடு வேண்டும்.

ஞாயிறு

எங்கள் பாடசாலையில் சுற்றாடல் தினத்துக்கு ஆண்டுதோறும் கன்று நடுகிறோம். அதற்கு முன்பு, வேலியோரப் பற்றையை மொட்டையாக வழித்துவிடுவதும் வழக்கம். அதற்குள் என்ன முளைத்திருந்தது என்று ஒருவரும் பார்த்ததில்லை. இந்த முறை கத்தி போடுமுன் பிள்ளைகளோடு உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அதிபரிடம் கேட்கப் போகிறேன். வழிகாட்டியிடம் சொன்னேன். மழை விட்ட கையோடு, கன்றுகள் துளிர்த்திருக்கும்போது கூப்பிடுங்கள், நானே வருகிறேன் என்றார்.