பெரியப்பா கேட்ட கேள்வி

நாரந்தனையில் என்னைத் தெரிந்தவர்கள், நான் இணையத்தில் காசு போட்டு ஏமாந்தவன் என்று நினைக்கிறார்கள். அந்த இரக்கத்தை நான் இவ்வளவு காலமும் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். உண்மை வேறு. தொடக்கத்தில் கொஞ்சக் காலம் நான் ஏமாந்தவன். அதன்பிறகு தெரிந்துகொண்டே ஆள் சேர்த்தவன். என் சொல்லைக் கேட்டுக் காசு போட்டவர்கள் சொந்தக்காரரும் அயலவரும். தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளை பொய் சொல்லமாட்டான் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் காட்டித்தான் நான் காசு பார்த்தேன்.

நாரந்தனை ஊர்காவற்றுறைப் பிரதேசத்தில், கரம்பனுக்கும் சரவணைக்கும் அயலில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் போரால் வந்த இடப்பெயர்வு யாழ்ப்பாணத் தீவகத்தை வெறுமையாக்கியது. திரும்பி வந்தவர்களுக்கு மிஞ்சியவை கடல், மழையை நம்பிய வயல், பனை, வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசு. படித்து முடித்தாலும் வேலைக்கு யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போகவேண்டும். ஆகவே, வீட்டில் இருந்தபடியே உலகத்தோடு வியாபாரம் செய்யலாம் என்று வகுப்பில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தீவில் பிறந்தது இனி ஒரு குறையில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு பிழையில்லை. இப்போதும் அதை நம்புகிறேன்.

எனக்குக் கற்பித்தவர்கள் நன்றாகவே கற்பித்தார்கள். ரிம் பேர்னர்ஸ்-லீ 1989 இல் செர்ன் ஆய்வுகூடத்தில் முன்வைத்த வலைத் திட்டம், 1993 இல் எவரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கே விடப்பட்டதைப் படித்தேன். 2010 முதல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே தள முகவரி முடியலாம் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஒரு தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்று தேடிப் பார்க்கக் கற்றேன். முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டு அடையாளத்தின் பொருளையும் கற்றேன். எங்களுக்கும் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை நடுவில் நிற்பவர் வாசிக்க முடியாது, அவ்வளவுதான். தளத்தை நடத்துபவர் நேர்மையானவரா என்பதற்கும் அந்தப் பூட்டுக்கும் தொடர்பில்லை. மின்வணிகம் என்றால் ஒரு பொருள் அல்லது சேவை, அதை வாங்குபவர், விலை, கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி, குறை இருந்தால் முறையிட ஓர் இடம் ஆகிய ஐந்தும் வேண்டும் என்று குறிப்பெடுத்தேன். சோதனையில் எழுதி நல்ல புள்ளியும் எடுத்தேன்.

2022 ஏப்ரலில் இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. டொலரில் உழைக்கவேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகு எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் பரவியது. தெரிந்த ஒருவர் மூலம் ஒரு செயலி எனக்கு வந்தது. ரூபாவை ஒருவர் கையில் கொடுத்து, டெதர் எனும் மெய்நிகர் நாணயமாக மாற்றி அதில் போடவேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு பொத்தானை அழுத்தினால் இலாபம் ஏறும். செயற்கை நுண்ணறிவு வியாபாரம் செய்கிறது என்றார்கள். புதிய ஆளைச் சேர்த்தால் அவர் போடும் தொகையில் எனக்குப் பங்கு. அவர் சேர்ப்பவரின் தொகையிலும் பங்கு. முதலில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். காசு கைக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன்.

ஆனாலும் படித்தது முழுதாக மறந்துபோகவில்லை. ஓர் இரவு அந்தச் செயலியின் தளத்தின் பதிவுத் திகதியைத் தேடினேன். பல ஆண்டுகளாக இயங்கும் சர்வதேச நிறுவனம் என்றவர்களின் தளப்பெயர் பதிவாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பிறகு ஒரு கணக்குப் போட்டேன். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க, அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்த்தால் 5, 25, 125, 625, 3,125 என்று போகும். ஆறாவது அடுக்குக்கு 15,625 பேர் வேண்டும். எங்கள் பிரதேச செயலகப் பிரிவில் கைக்குழந்தை வரை எண்ணினாலும் அவ்வளவு பேர் இல்லை. பதினோராவது அடுக்குக்கு 4 கோடியே 88 இலட்சம் பேர் வேண்டும். 2024 கணக்கெடுப்பின்படி இலங்கையின் மொத்தச் சனத்தொகையே ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம்தான். எந்த அடுக்கில் நின்றுபோனாலும், சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கடைசி அடுக்கிலேயே இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே எவரும் இல்லை. அவர்கள் போட்ட காசுதான் மேலே இருப்பவர்களுக்கு இலாபம் என்று போகிறது.

கணக்கு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். அடுத்த நாள் மாமி வீட்டுக்குப் போனேன்.

ஏன் போனேன் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். என் காசு உள்ளே இருந்தது, இன்னும் சிலர் சேர்ந்தால் எடுத்துவிடலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. “பொடியன் டொலரில உழைக்கிறான்” என்று ஊரில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அம்மா அதைக் கேட்டு நிமிர்ந்து நடந்தார். பிழை என்று தெரிந்தவுடன் சொல்லியிருந்தால் அந்த மதிப்புப் போயிருக்கும். அதை வைத்துக்கொள்ள அடுத்தவர் காசைக் கொடுக்க நான் தயாராக இருந்தேன்.

மாமியிடம் இருந்தது சீட்டுக் காசும் கருவாடு விற்றுச் சேர்த்த காசும். கூரை மாற்ற வைத்திருந்தார். போனில் தளத்தைத் திறந்து, “இஞ்ச பாருங்கோ மாமி, பூட்டு அடையாளம் இருக்கு, பாதுகாப்பானது” என்றேன். வகுப்பில் படித்ததற்கு நேர் எதிரானதைச் சொன்னேன். “எனக்கு உதெல்லாம் விளங்காது ராசா. நீ படிச்ச பிள்ளை, நீ சொன்னாச் சரி” என்றார் மாமி.

விறாந்தையில் பெரியப்பா இருந்தார். தீவகத்தார் கொழும்பிலும் தெற்கிலும் கடை வைத்து வாழ்ந்த காலத்தில், இளவயதிலேயே அப்படியொரு கடையில் சம்பளத்துக்கு நின்றவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, நீங்கள் விக்கிற சாமான் எது? அதை ஆர் வாங்கினம்?” என்று கேட்டார். நான் குறிப்பெடுத்த ஐந்தில் முதல் இரண்டும் அந்தக் கேள்வியில் இருந்தன. நான் அல்கோரிதம், பிளொக்செயின், ஏ.ஐ. என்று அடுக்கினேன். அவருக்கு விளங்காது என்று தெரிந்துதான் அந்தச் சொற்களை எடுத்தேன். தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்து அவர் பேசாமல் இருந்துவிட்டார். சரியான கேள்வியைக் கேட்ட ஒரே மனிதரை என் படிப்பைக் காட்டி வாயடைக்கச் செய்தேன். நான் செய்தவற்றில் எனக்கு ஆகக் கூடிய வெட்கம் இதில்தான்.

மாமிக்குச் சீட்டு நன்றாகத் தெரியும். சீட்டில் இருப்பவர்கள் யார் யார் என்று தெரியும். மொத்தத் தொகை தெரியும். எல்லாருடைய முறையும் முடிந்தால் கணக்கும் முடிந்துவிடும். புதிய ஆள் வந்தால்தான் பழைய ஆளுக்குக் காசு என்ற பேச்சே அங்கே இல்லை. அந்த அறிவை வைத்துப் பார்க்க விட்டிருந்தால் மாமியே மறுத்திருப்பார். நானோ, “இதுவும் சீட்டு மாதிரித்தான் மாமி” என்று சொல்லி அதையும் கெடுத்தேன்.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். முதலில் காசு எடுக்க முடியாமல் போனது. பராமரிப்பு வேலை என்றார்கள். பிறகு, எடுப்பதற்கு முன் வரி கட்டவேண்டும் என்றார்கள். பிறகு செயலி திறக்கவில்லை. குழுவையும் காணவில்லை. சார்ள்ஸ் பொன்சி 1920 இல் பொஸ்ரனில், 45 நாட்களில் 50 சதவீத இலாபம் தருவதாகச் சொல்லி, பின்னால் வந்தவர் காசை முன்னால் வந்தவருக்குக் கொடுத்ததை அதன்பிறகு வாசித்தேன். நூறு ஆண்டு பழைய வித்தை. இலங்கையிலும் 2000களில் தங்க நாணயத்தைக் காட்டி ஆள் சேர்த்தார்கள். 2023 இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்கள் என்று அறிவித்த பட்டியலில் ஒன்மேக்ஸ் டி.ரி., எம்.ரி.எஃப்.ஈ. போன்ற பெயர்கள் இருந்தன.

1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில், பிரமிட் திட்டங்களைத் தடைசெய்யும் பிரிவு பின்னர் சேர்க்கப்பட்டது. அது நடத்துபவரை மட்டும் பிடிப்பதில்லை. அப்படியொரு திட்டத்தை விளம்பரப்படுத்துவதும் ஊக்குவிப்பதும் சிறைக்குப் போகக்கூடிய குற்றம். ஆகவே நான் செய்தது தவறு மட்டுமில்லை, சட்டப்படி குற்றம். மெய்நிகர் நாணயங்கள் பற்றி மத்திய வங்கி 2018 இலிருந்தே எச்சரித்து வந்திருக்கிறது. தமிழிலும் அறிவித்தல்கள் வந்தன. எனக்கு எட்டாத தகவல் என்று ஒன்றுகூட இருக்கவில்லை.

காசு போன பிறகும் பொய் சொன்னேன். “ஆரோ ஹக் பண்ணிப்போட்டாங்கள், என்ர காசும் போச்சு” என்று மாமியோடு சேர்ந்து கவலைப்பட்டேன். அவர் போட்ட தொகையில் எனக்கு வந்த பங்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைசியில் அதையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. “அண்டைக்கே உனக்குத் தெரியுமோ?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு போனில் ஏதாவது விளங்காமல் வந்தால் மாமி என்னைக் கூப்பிடுவதில்லை.

கெட்டது மாமியின் கூரை மட்டுமில்லை. உறவுக்காரத் தங்கை ஒருத்தி ஒடியல்மாவும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் பொதிசெய்து, பேஸ்புக் வழியாகப் புலம்பெயர்ந்தவர்களுக்கு விற்கத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டுச் சேர்க்க அவள் கேட்டபோது, இணையம் என்றாலே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். அவளிடம் சாமான் இருக்கிறது. வாங்க ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் காசை நேராகப் பெறுவது இங்கே நீண்ட காலமாகச் சிக்கல். பேபால் மூலம் பணம் அனுப்ப முடிந்தும் பெற முடியாமல் எத்தனையோ பேர் இடர்ப்பட்டார்கள். கூரியர் செலவும் கூட. இலாபம் மெல்லத்தான் வரும். இத்தனை தடையையும் தாண்டி நேர்மையாக உழைக்க வந்தவளின் வழியில், என் பொய்யும் ஒரு தடையாகக் கிடக்கிறது. இணையம் தீவுக்குக் கொண்டுவந்த நல்லதை ஊர் சந்தேகிக்கும்படி செய்தவர்களில் நானும் ஒருவன்.

ஆள் சேர்த்து எனக்கு வந்த பங்கை முதலில் திருப்பிக் கொடுத்தேன். மிச்சத்தைக் கணினி திருத்தியும் பின்னேர வகுப்பு எடுத்தும் மெல்ல மெல்லக் கொடுக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பூட்டு அடையாளத்தின் உண்மையான பொருளையும், பதிவுத் திகதி பார்க்கும் முறையையும், ஐந்தைந்தாகப் பெருகும் கணக்கையும் சொல்லிக் கொடுக்கிறேன். அதோடு இன்னொன்றையும் வற்புறுத்துகிறேன்: ஒரு வியாபாரத்தைப் பற்றி வீட்டில் ஒருவர் கேள்வி கேட்டால், அவருக்கு விளங்கும் சொல்லில் பதில் சொல்ல முயலுங்கள். அப்படிச் சொல்ல முடியாவிட்டால் அந்த வியாபாரத்தில் காசு போடாதீர்கள், போடச் சொல்லவும் வேண்டாம்.

எழுதியதைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். அவர் கேட்டதற்கு அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டிய பதில் இது: சாமான் என்று ஒன்றும் இருக்கவில்லை, பெரியப்பா. வாங்கவும் எவரும் இருக்கவில்லை. மாமியின் காசைத்தான் எடுத்தோம். எனக்கு அது தெரியும்.