தண்ணீர் வடிந்தால் தெரியும் ஊர்

மேட்டூருக்கு யார் போனாலும் முதலில் அணையைப் பார்ப்பார்கள். அடுத்தபடி பூங்காவைச் சுற்றுவார்கள். அப்புறம் பொரித்த மீன் எங்கே நன்றாயிருக்கும் என்று விசாரிப்பார்கள். நாமும் இந்த மூன்று காரியங்களையும் முறைப்படி செய்தோம். அவற்றில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. வெட்கப்படவேண்டிய காரியத்தை மறுநாள் செய்தோம். அதை ஒப்புக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

அது 2024-ம் வருஷத்துக் கோடை. காவிரியில் ஜலம் வெகுவாகக் குறைந்திருந்தது. வழக்கமாக ஜூன் 12-ந் தேதி தஞ்சைச் சீமையின் பாசனத்துக்காக அணையைத் திறப்பார்கள். அவ்வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியாமற் போயிற்று. 1925 முதல் 1934 வரை எண்ணற்ற தொழிலாளிகள் பாடுபட்டு எழுப்பிய அணை அது. 5,300 அடி நீளம். 120 அடிக்கு நீர் நிற்கும். அன்றைய சென்னை கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்குச் சூட்டினார்கள். அதற்காக வீடு வாசலை விட்டுப் பெயர்ந்து போன கிராமவாசிகளின் பெயரை யாரும் எதற்கும் சூட்டியதாகத் தெரியவில்லை.

அந்தக் கிராமங்களில் ஒன்றின் சின்னங்களைக் காணத்தான் கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குச் சென்றோம். நீர்மட்டம் நன்றாக இறங்கிவிட்டால் அங்கே ஜலகண்டேசுவரர் கோயிலும், அதன் பெரிய நந்தியும், பழைய மாதா கோயிலின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். செய்தி பரவியதும் சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வண்டி வண்டியாய் ஜனங்கள் வந்து சேருவார்கள்.

நாம் போனபோதும் நல்ல கூட்டம். இடிந்த சுவரின்மேல் சில வாலிபர்கள் ஏறி நின்று கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டிருந்தனர். "நமக்கும் ஒரு படம் இருக்கட்டுமே" என்று நாமும் பாதரட்சையுடன் அந்தக் கல்லில் ஏறினோம். நம்மை அழைத்து வந்த பரிசல்காரப் பெரியவர் கீழேயே நின்றார். அவர் காலில் செருப்பு இல்லை; கையில் இருந்தது.

"ஏனுங்க, சாமி இல்லாத கோயில்தானே?" என்று கேட்டோம்.

"சாமியை அப்பவே எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க அப்பாரு கும்பிட்ட இடம் இங்கதானுங்களே இருக்குது" என்றார்.

சட்டென்று கீழே இறங்கினோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"இப்படி எல்லாரும் ஏறுவது உங்களுக்கு வருத்தமாயில்லையா?" என்று தயங்கிக் கேட்டோம்.

"வருத்தந்தானுங்க. ஆனா, நீங்கள்ளாம் வரலைன்னா மீன் படாத நாள்ல எனக்கு வரும்படி ஏதுங்க?" என்றார்.

இத்தாலி தேசத்து வெனிஸ் நகரைப்பற்றி 2012-ல் வெளிவந்த ஒரு விவரணப் படம் அப்போது நம் நினைவுக்கு வந்தது. ஆண்ட்ரியாஸ் பிக்லர் என்பவர் எடுத்தது. 1951-ல் அந்தப் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். இன்றோ 50,000 பேர்கூட இல்லை. உல்லாசப் பிரயாணிகளுக்கு விடுதி வேண்டும் என்பதால் வாடகை ஏறிற்று, ஊர்க்காரர்கள் வெளியேறினார்கள். 2024-ல் குறிப்பிட்ட சில நாட்களில், ஒரு பகல் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணமே வாங்கத் தொடங்கினார்கள். அங்கே பார்க்க வந்தவர்களால் குடியிருந்தவர்கள் போனார்கள். பண்ணவாடியிலோ குடியிருந்தவர்கள் முதலில் போனார்கள். பார்க்கிறவர்கள் பிறகு வந்தோம். ஆனால், இரண்டு இடத்திலும் மிஞ்சியிருப்பவர்களின் சங்கடம் ஒன்றே. வருகிறவர்களை வேண்டாமென்று சொல்ல அவர்களுக்கு வசதியில்லை. வா என்று மனமாரச் சொல்லவும் முடியவில்லை.

மேட்டூரில் ஆடிப் பதினெட்டன்று இதைப் பெரிய அளவில் காணலாம். காவிரியில் முழுகி, முனியப்பனுக்குப் பொங்கலிட்டுக் கிடா வெட்டி, குடும்பம் குடும்பமாய்ச் சாப்பிட்டுப் போகும் திருநாள் அது. மீன் கடைக்காரருக்கும் பூக்காரிக்கும் பொம்மை விற்பவருக்கும் அன்றுதான் கை நிறையக் காசு. மறுநாள் காலையில் படித்துறையில் கிடக்கும் பழந்துணியும் எச்சில் இலையும் பிளாஸ்டிக் பையும் உள்ளூர்க்காரர் பங்கு. காவிரித் தாயைக் கும்பிட வந்தவர்கள்தாம் அவற்றை அவள் மடியில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

யாத்திரையே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பரிசல்காரப் பெரியவரே நம்மோடு சண்டைக்கு வருவார். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்து வருவோம். இடிந்த கோயிலானாலும் மாதா கோயிலானாலும் பிறர் வீட்டு வாசற்படி என்று எண்ணிக் காலை வைப்போம். விருந்தாளி என்ற பெயருக்கு இந்த அளவாவது செய்ய வேண்டாமா?

அந்த வருஷம் ஜூலை மாதக் கடைசியில் வெள்ளம் வந்து, அணை 120 அடியை எட்டியது. நந்தியும் கோபுரமும் மறுபடி ஜலத்துக்குள் போய்விட்டன. தஞ்சைச் சீமை மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். அடுத்த தடவை தண்ணீர் வடியும்போது மறுபடி பண்ணவாடிக்குப் போவதாக உத்தேசம். செருப்பைப் பரிசலிலேயே விட்டுவிடுவோம்.