சித்ரா வால்வும் பெர்லின் குளிர்காலமும்

2018 அக்டோபரில், ஈராண்டு ஆய்வு உதவித்தொகை பெற்று ஹைதராபாத்திலிருந்து பெர்லினுக்குப் புறப்பட்ட அந்த ஆய்வாளரின் கைப்பையில், கடவுச்சீட்டுக்கு அடியில், நெகிழி உறையிட்ட சிறிய அட்டையொன்று இருந்தது. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள் எங்கு சென்றாலும் உடன் வைத்திருக்க வேண்டிய அட்டை அது. டிடிகே சித்ரா, மிட்ரல், அளவு 27, ஒரு வரிசை எண், 2006 என்னும் ஆண்டு. அதில் இருந்தவை இவ்வளவே. பன்னிரண்டு ஆண்டுகளாக எவரும் அந்த அட்டையைக் கேட்டதில்லை. இந்தியாவில் எந்த இதய மருத்துவரிடமும் 'சித்ரா' என்று ஒரு சொல் சொன்னால் போதுமாயிருந்தது.

பாலக்காட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் வந்த தொண்டைப் புண்ணையும் அதன் பின் வந்த மூட்டு வீக்கத்தையும் வீட்டில் எவரும் பெரிதாக எண்ணவில்லை. ருமாட்டிக் காய்ச்சல் மூட்டை விட்டு விலகிவிடும், இதய வால்வை விட்டு விலகாது என்பது பின்னரே தெரிந்தது. பதினாறாம் வயதில் மூச்சுத் திணறி மாடிப்படி ஏற இயலாமற் போனபோது திருவனந்தபுரத்தில் அறுவை நடந்தது. அங்கே பொருத்தப்பட்ட வால்வு அதே நகரத்தில் உருவானது. வலியத்தான் தலைமையிலான குழுவின் முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு மனிதரின் இதயத்தில் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வின் விலையை எண்ணியும் பார்க்க முடியாத குடும்பங்களுக்காகப் பிறந்த பொருள் அது. அவருடைய குடும்பமும் அவற்றுள் ஒன்று.

பெர்லினில் முதல் இடர் மருத்துவத்தில் வரவில்லை, காகிதத்தில் வந்தது. ஜெர்மனியில் பணி ஒப்பந்தத்தில் சேரும் ஆய்வாளர் பொதுக் காப்பீட்டுக்குள் தானாகவே வந்துவிடுகிறார். முன்பே நோய் உண்டு என்று காரணம் காட்டி அக்காப்பீடு எவரையும் மறுக்க இயலாது. உதவித்தொகையில் வருபவருக்கு அந்தக் கட்டாயக் காப்பீடு இல்லை. பலருக்குத் தனியார் காப்பீடே வாய்க்கிறது. தனியார் நிறுவனம் மறுக்கலாம், அல்லது பழைய நோயை விலக்கிவைத்து ஏற்கலாம். அவருடைய காப்பீட்டுப் பத்திரத்தின் ஏழாம் பக்கத்தில், முன்பே இருந்த நோய்களுக்கான செலவு ஏற்கப்படாது என்று ஒரே வரியில் இருந்தது. உதவித்தொகைக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் ஏழாம் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? உதவித்தொகை, பணி ஒப்பந்தம் என்னும் இரு சொற்களுக்கு இடையே இருப்பது கௌரவ வேறுபாடு என்றே நம் துறைகளில் பலர் இன்றும் எண்ணுகின்றனர்.

அடுத்தது மாத்திரை. உலோக வால்வு கொண்டவர் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். இந்தியாவில் அவர் உண்டு வந்தது அசெனோகூமரால். அது ஜெர்மானியச் சந்தையில் இல்லை. பயணி தன்னுடன் ஏறத்தாழ மூன்று மாதத் தேவைக்கு மட்டுமே மருந்து கொண்டுவரலாம். வீட்டிலிருந்து அஞ்சலில் அனுப்பச் சொல்லலாம் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனியாருக்கு மருந்துப் பொட்டலம் வர அனுமதியில்லை. ஊறுகாயும் புளியும் அனுப்பிப் பழகிய அன்னைக்கு இதைப் புரியவைக்க இரண்டு தொலைபேசி அழைப்புகள் ஆயின.

ஆகவே ஜனவரியில் ஃபென்ப்ரோகூமானுக்கு மாறினார். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள்தாம், நடை வேறு. அசெனோகூமராலின் வீரியம் உடலில் பாதியாகக் குறைய அரை நாள்கூட ஆகாது. ஃபென்ப்ரோகூமானுக்கு ஐந்தாறு நாட்கள் ஆகும். இன்று அளவைக் கூட்டினால் பலன் அடுத்த வாரம் தெரியும். அதற்குள் தவறும் சேர்ந்து வளர்ந்திருக்கும். பரிசோதனைக்குக் குடும்ப மருத்துவர் வேண்டும். அவரிடம் பரிந்துரைச் சீட்டு பெற்று இதய நிபுணரிடம் நேரம் கேட்டபோது ஏப்ரல் இறுதியில் ஒரு நாள் கிடைத்தது. அதுவும் சொந்தச் செலவில்.

பிப்ரவரியில் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆய்வகத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது நடுவே நின்றார். பதினாறு வயதில் நின்ற அதே நிற்றல். மூன்று நாள் எவரிடமும் சொல்லவில்லை. அச்சத்தைவிடக் கட்டணக் கணக்கே அவரைத் தடுத்தது என்று பின்னாளில் தோழியரிடம் ஒப்புக்கொண்டார். நான்காம் இரவு, அறைத்தோழி 112-ஐ அழைத்தார்.

மருத்துவமனையில் ஐ.என்.ஆர். 1.6 என்று வந்தது. மிட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு அது மூன்றை ஒட்டி இருக்க வேண்டும். வால்வில் இரத்தம் உறைந்து வட்டு சிக்கிக்கொண்டதோ என்பதே எல்லோருடைய ஐயமும். எக்ஸ்-கதிரின் கீழ் வட்டு திறந்து மூடுவதைப் பார்க்க முயன்ற இளம் மருத்துவர் திகைத்து நின்றார். உலோகக் கூடு தெரிந்தது. உள்ளே வட்டைக் காணவில்லை. அப்போதுதான் அந்த அட்டை வெளியே வந்தது. சித்ரா வால்வின் வட்டு ஒருவகைப் பாலிஎத்திலீனால் ஆனது. எக்ஸ்-கதிர் அதனூடே கடந்துவிடும். இதைத் தம் நோயை நன்கு படித்திருந்த நோயாளியே, பாதி ஆங்கிலத்திலும் பாதி ஜெர்மனிலும், படுத்தபடி விளக்க வேண்டியதாயிற்று. மூத்த மருத்துவர் சிரித்துவிட்டு, உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுக்கச் சொன்னார். மறுநாள் ஐந்து மாணவர்களை அழைத்துவந்து அவர்கள் ஒவ்வொருவரையும் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கச் செய்தார். ருமாட்டிக் இதய நோயைப் பாடநூலில் மட்டுமே கண்டவர்கள் அவர்கள்.

வட்டு நன்றாகவே இயங்கியது, உறைவு இல்லை. ஐ.என்.ஆர். இறங்கியதற்குக் காரணம், மருந்து மாறிய வாரங்களில் பல்கலைக்கழக உணவகத்தில் நாள்தோறும் உண்ட க்ரூன்கோல். குளிர்காலத்தில் அங்கே எல்லாரும் விரும்பும் கீரை அது; வைட்டமின் கே நிறைந்தது. மூச்சு வாங்கியதற்குக் காரணம் வேறு: இரத்தச்சோகை. உறைவுத்தடுப்பு மருந்து உண்ணும் பெண்களுக்கு மாதவிடாய்ப் போக்கு மிகுவது புதிய செய்தியன்று. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளில், இரு நாட்டு மருத்துவர்களுள், அதைப் பற்றி முதன்முதலில் கேட்டவர் அன்றிரவுப் பணியிலிருந்த செவிலியர். அவரும் தாமாகவே இதுவரை சொன்னதில்லை.

மூன்று இரவுகளுக்கான கட்டணச் சீட்டு உதவித்தொகையின் பல மாதங்களை விழுங்கக்கூடியதாக இருந்தது. காப்பீட்டு நிறுவனம் ஏழாம் பக்கத்தை நினைவூட்டியது. மருத்துவமனையின் சமூகப்பணி அலுவலர் தவணைக்கு வழி செய்தார். ஆய்வு மேற்பார்வையாளர், திட்டநிதியில் ஓர் அரைநேரப் பணியிடம் எஞ்சியிருப்பதைக் கண்டு, உதவித்தொகையை விட்டுவிட்டு அதில் சேரச் சொன்னார். பெயரில் ஒரு கௌரவம் குறைந்தது. கையில் பொதுக் காப்பீட்டு அட்டை வந்தது. இது நற்பேறு, அந்த நிதி தீர்ந்திருந்தால் அவர் ஏப்ரலில் ஊர் திரும்பியிருப்பார், ஆய்வேடு அங்கேயே நின்றிருக்கும்.

கோடையில், வீட்டிலேயே விரல் நுனிக் குருதியால் ஐ.என்.ஆர். அளந்து மருந்தைத் தாமே சரிசெய்யும் பயிற்சிக்கு அவரை அனுப்பினர். வகுப்பில் எட்டுப் பேர். மற்ற எழுவரும் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களுள் ஒருவர் தம் வால்வின் ஓசை இரவில் மனைவியின் உறக்கத்தைக் கெடுப்பதாகக் குறைபட்டார். பயிற்சியாளர் ஒவ்வொருவரிடமும் வால்வின் பெயர் கேட்டுப் பலகையில் எழுதிவந்தார். இவர் முறை வந்ததும் சுண்ணக்கட்டியை இவரிடமே நீட்டினார். 'சித்ரா' என்று எழுதினார். அது உலோகத்தின் பெயரா, கண்டுபிடித்தவரின் பெயரா என்று கேட்டனர். திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் பெயர் என்றும், சித்திரை என்பது ஒரு விண்மீன் என்றும் சொன்னார். ஓசைக்காரர் எழுந்து வந்து காதைச் சாய்த்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை என்றார், சற்றுப் பொறாமையுடன்.

பின்பு எல்லோரும் விரலைக் குத்திக்கொண்டனர். அவருக்கு 2.9 வந்தது. குறிப்பேட்டில் எழுதி, அடுத்த சோதனைக்கு வியாழக்கிழமையைக் குறித்துக்கொண்டார்.