அப்பா, ஆயா, அப்புறம் ஒரு குவாலிஸ்

மூணு வருஷத்துல நாலு தடவை "இதை வித்துத் தொலைச்சிடுறேன்"னு நான் சத்தியம் பண்ணின ஒரே பொருள் எங்க வீட்டு குவாலிஸ்தான். 2004 மாடல், வெள்ளைக் கலர். வெள்ளைன்னா வாங்கினப்ப வெள்ளை, இப்ப டீயில ஊறின பன் கலர். 2021-ல கொரோனா ரெண்டாவது அலை ஓஞ்ச நேரம், நான் ஓ.எம்.ஆர்.ல பொட்டி தட்டிச் சேர்த்த 2 லட்சத்து 30 ஆயிரத்தைக் கொடுத்து வாங்கினது. எனக்கு முன்னாடி ரெண்டு ஓனர்.

"ஏண்டா, அந்தக் காசுக்கு ஒரு நல்ல சின்ன கார் வந்திருக்குமே"ன்னு ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்க. வந்திருக்கும். ஆனா எங்க வீட்டுக் கணக்கு வேற. விழுப்புரத்துல அப்பா அம்மா, அக்கா, மாமா, அவங்க ரெண்டு வாண்டு. திண்டிவனத்துல அம்மாவைப் பெத்த ஆயா. அப்புறம் நானும் தங்கமணியும். ஒரு கல்யாணம் காதுகுத்துன்னா மொத்த ஜமாவும் ஒண்ணாத்தான் கிளம்பும். ஆர்.சி.யில எட்டு பேர்னுதான் போட்டிருக்கு. மேல்மலையனூர் அமாவாசைக்கு ஒரு தடவை பதிமூணு பேர் போனோம். (போலீஸ்காரங்க யாராவது படிச்சா, அதுல அஞ்சு பேர் குழந்தைங்க சார்.)

ஆனா உண்மையான காரணம் அப்பா. அரசு பஸ்ல இருபத்தெட்டு வருஷம் டிரைவர். ஆயிரக்கணக்கான பேரை ஏத்தி இறக்கினவர், சொந்தமா ஒரு டிவிஎஸ் பிப்டிக்கு மேல எதுவும் வெச்சுக்கல. ரிட்டயர் ஆன பிறகும் ரோட்டுல பஸ் போனா சத்தத்தை வெச்சே "கிளட்ச் தேஞ்சு போச்சு, பாவம்"பார். அவருக்கு ஸ்டியரிங் பெருசா இருக்கணும், சீட்டு உசரமா இருக்கணும், டீசல் சத்தம் கேக்கணும். குவாலிஸ் பார்த்ததும் சுத்தி ஒரு ரவுண்டு வந்தார், குனிஞ்சு பின்னாடி பட்டையைப் பார்த்தார். "லாரி மாதிரியே பட்டை ஸ்பிரிங் போட்டிருக்கான்டா"ன்னு சொன்னார் பாருங்க, அங்கேயே முடிஞ்சு போச்சு.

வண்டி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டொயோட்டா 2000-ல இந்தியாவுல இறக்கின முதல் வண்டி இதுதான். இந்தோனேசியாவுல கிஜாங்னு ஓடினதை (அந்த ஊர்ல அது ஒரு வகை மானோட பேர்) நம்ம ஊருக்குத் தோதா மாத்தி பெங்களூர் பக்கத்துல பிடதியில செஞ்சாங்க. 2005-ல இன்னோவா வந்ததும் இதுக்கு டாட்டா காட்டிட்டாங்க. 2446 சி.சி. டீசல் இஞ்சின், டர்போ கிடையாது. இழுவை வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சுடலாம். ஆனா இஞ்சினுக்குள்ள கம்ப்யூட்டர்னு ஒண்ணு கிடையாது. டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். பகல் முழுக்க அடுத்தவன் எழுதின கோட்ல பக் தேடுற எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

நிம்மதி எல்லாம் மெக்கானிக் பில் வர்ற வரைக்கும்தான். ரேடியேட்டர், கிளட்ச், டைமிங் பெல்ட், நாலு டயர், ஏ.சி. கம்ப்ரசர்... தங்கமணியும் பொட்டி தட்டுற ஜாதிதான். ஒரு நாள் எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டினா. மூணு வருஷத்துல ரிப்பேர் 1,62,000. இன்சூரன்ஸ் 27,000. ஓடினது 14,000 கிலோமீட்டர். மைலேஜ் பதினொன்றரை. வண்டி வாங்கின காசை விட்டுட்டே கிலோமீட்டருக்கு 21 ரூபாய் 50 காசு. "வாடகை இன்னோவாவே 18, 20-க்கு வருது. டிரைவரும் சேர்த்து"ன்னா. நான் வழக்கம்போல ஆணி நிறைய இருக்குன்னு லேப்டாப்பைத் திறந்துட்டேன்.

நடுவுல 2023-ல இன்னொண்ணு நடந்தது. அப்பாவுக்கு சுகர் கண்ணைத் தொட்டிருச்சு. பாண்டிச்சேரியில லேசர் வெச்சாங்க. ராத்திரி ஓட்டவே கூடாது, பகல்லயும் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த வயசுல லைசன்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேணும். அவர் போய்க் கேக்கவே இல்ல. நான் ஆணியில தொங்கின சாவியை எடுத்து என் பையில போட்டுக்கிட்டு சென்னைக்கு வந்துட்டேன். அவர் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

2024 அக்டோபர்ல ஆர்.சி. முடிஞ்சது. பதினஞ்சு வருஷம் முடிஞ்ச சொந்த வண்டியை அஞ்சஞ்சு வருஷமாத்தான் புதுப்பிப்பாங்க. 2022 ஏப்ரலுக்கு முன்னாடி அதுக்கு 600 ரூபாய், அப்புறம் 5,000. (2025 ஆகஸ்ட்ல இருபது வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. மயிரிழையில தப்பிச்சேன்.) அது போக பசுமை வரி, டிங்கரிங், பெயிண்ட், புகை சர்டிபிகேட். டெல்லியா இருந்தா பத்து வருஷ டீசலை ரோட்டுலயே விடமாட்டாங்கன்னு தீர்ப்பே இருந்தது. நம்ம ஊர்ல அது இல்லாததால நாமளே முடிவு பண்ண வேண்டியதாப் போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு போன்ல சொன்னேன். அப்பா, "உன் வண்டி, உன் இஷ்டம்"னார். என் வண்டியாம்! மறு வாரமே லீவு போட்டுட்டு எஃப்.சி.க்கு நின்னேன்.

அடுத்த மாசக் கடைசியில ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 ராத்திரி பாண்டிச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு, ஆனா நகரவே இல்ல. எங்களுக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல இருக்குற மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ. மழை. நான் அந்த வாரக் கடைசிக்கு விழுப்புரத்துல இருந்தேன். சனிக்கிழமை ராத்திரியில இருந்து ஆயா போன் எடுக்கல. கரண்டும் இல்ல, டவரும் இல்ல. ஞாயித்துக்கிழமை மதியம் அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க.

நானும் அப்பாவும் கிளம்பினோம். நாப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரம், ரெண்டரை மணி நேரம். விக்கிரவாண்டியில ரோடு எது வயல் எதுன்னே தெரியல. அப்பா இடது பக்கம் உக்காந்துக்கிட்டு, "முதல் கியர்லயே போ. காலை எடுக்காதே. கியர் மாத்தாதே"ன்னு சொல்லிக்கிட்டே வந்தார். எனக்கு எரிச்சல். எனக்குத் தெரியாதா? டீசல் இஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்து இழுக்குற வாய் தண்ணிக்கு மேல இருக்குற வரைக்கும் ஓடும், அது முங்கினா காலி. எல்லாம் யூடியூப்ல பார்த்தவன் நான்.

கிடங்கல் பக்கத்துல ஆயா தெருவுக்குத் திரும்பினோம். பம்பர் வரைக்கும் தண்ணி. பாதி தூரம் போயிட்டேன். எதிர்ல ஒரு வேன்காரன் வேகமா வந்தான். அவன் கிளப்பின அலை பானெட் மேலேயே ஏறிச்சு. இஞ்சின் ஒரு தடவை குலுங்கி, நின்னு போச்சு.

என் கை தானா சாவிக்குப் போச்சு. இஞ்சின் படிச்சவன், யூடியூப் பார்த்தவன், எல்லாம் தெரிஞ்சவன் கை. அப்பா என் மணிக்கட்டைப் புடிச்சார். வலிச்சது.

"சாவியைத் தொடாதடா. தண்ணி குடிச்சிருந்தா ராடு வளைஞ்சிடும்."

கண்ணு சரியாத் தெரியாத மனுஷன். என் கை எங்க போகுதுன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சதோ.

தெருப் பசங்க நாலு பேர் வந்து தள்ளி ஒரு மேட்டுல ஏத்தினாங்க. ஆயா வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. கட்டில் மேல கட்டில் போட்டு, அதுக்கு மேல அரிசி மூட்டையோட உக்காந்திருந்தாங்க. பார்த்ததும் முதல் கேள்வி, "இந்த மழையில எதுக்குடா வந்தீங்க, சாப்டீங்களா?" நான் முதுகுல தூக்கிக்கிட்டேன். அப்பா முன்னாடி நடந்து காலால பள்ளம் பார்த்துக்கிட்டே, "அத்தை, கெட்டியாப் புடிச்சுக்குங்க"ன்னு வழி காட்டினார். பக்கத்து வீட்டு மாடியில மூணு ராத்திரி. திங்கக்கிழமை விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் நடுவுல ரயில் பாலத்துல தண்ணி ஏறிடுச்சுன்னு ரயிலையே நிறுத்திட்டாங்க. நாங்க எங்க போறது?

புதன்கிழமை எங்க மெக்கானிக் அண்ணன் விழுப்புரத்துல இருந்து பைக்ல வந்தார். ஏர் ஃபில்டரைக் கழட்டினார், ஈரத்துணி மாதிரி இருந்தது. நாலு ஹீட்டர் பிளக்கையும் கழட்டிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். மூணாவது ஓட்டையில இருந்து தண்ணி பீச்சாங்குழல் மாதிரி அடிச்சது, அவர் மூஞ்சியிலேயே. துடைச்சுக்கிட்டே, "தம்பி, பிளக்கோட ஒரு தடவை செல்ஃப் அடிச்சிருந்தாலும் இஞ்சின் காலி"ன்னார். காத்தை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாதில்ல. இருபது மடங்குக்கு மேல அழுத்துற இஞ்சின், தண்ணி மாட்டினா அதோட ராடுதான் வளையணும். அப்பா அந்தப் பக்கம் டீ குடிச்சுக்கிட்டு இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கல.

இஞ்சின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில், வீல் பேரிங் கிரீஸ் எல்லாம் மாத்தி 18,400 ரூபாய். தங்கமணி எக்செல்ல அதையும் ஏத்தினா. ஆனா அந்தக் கடைசி வரிக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்குப் போடல, அப்படியே மூடிட்டா. ஆயா இப்ப விழுப்புரத்துலதான் இருக்காங்க.

சென்னைக்குக் கிளம்புறப்ப சாவியைப் பழைய ஆணியிலேயே மாட்டிட்டு வந்தேன். பேட்டரி இறங்காம இருக்க தினம் காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா, ஓட்டாதீங்கன்னு சொல்லிட்டு. தலையாட்டினார்.

போன மாசம் ஊருக்குப் போனப்ப வண்டி வீட்டைப் பார்த்து நின்னுச்சு. நேத்து அக்கா அனுப்பின வாண்டுங்க போட்டோவுல பின்னாடி நிக்குற குவாலிஸ் தெருவைப் பார்த்து நிக்குது. வீட்டுல ஓட்டத் தெரிஞ்சவர் நானும் அவரும்தான். மாமாவுக்கு பைக்கே தகராறு.

அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "என்னை எதுக்குடா கேக்குற, உங்கப்பாவைக் கேளு"ன்னாங்க. பின்னாடி அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுறது கேட்டுச்சு.

வர்ற சனிக்கிழமை ஊருக்குப் போறேன். அந்த ஆணியைப் பத்திப் பேசியே ஆகணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.