உறைபனியும் ஒரு புதுப் பாட்டரியும்

ஜனவரி மாதத்தில் உதகைக்குப் போனதுண்டா நீங்கள்? மே மாதத்து உதகை எல்லாருக்கும் தெரியும்: மலர்க் கண்காட்சி, படகுத் துறை, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஜனவரி உதகை வேறு ஊர். மேகமும் காற்றும் இல்லாத இரவில் காந்தல், தலைகுந்தா போன்ற பள்ளங்களில் உறைபனி இறங்கிவிடும். விடியும்போது பார்த்தால் புல்வெளி முழுவதும் யாரோ மூட்டை மூட்டையாய் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். வெயில் ஏறினால் மாயமாய் மறைந்துவிடும்.

கண் ஆபரேஷனுக்கு முன்னால் அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது என் அம்மாவின் ஆசை. "அப்புறம் எப்படி இருக்குமோ, யார் கண்டது?" என்றாள். ஆபரேஷன் மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கோயம்புத்தூரில். இரண்டு மாதம் காத்திருந்து வாங்கிய தேதி. மலை இறங்க மூன்று மணி நேரம் போதும் என்று முதல் நாளே வந்து, ஏரிக்கரைப் பக்கம் ஜாகை போட்டோம். அந்த ஏரி தானாக உண்டானதல்ல. 1820-களில் கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உண்டாக்கியது.

காலையில் கம்பளியை உதறி எழுந்து பனியைப் பார்த்தோம். அம்மா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எங்கள் காரைப் பார்த்தோம். அதன் கூரையிலும் அதே உப்பு! என் கணவர் சாவியைத் திருப்பினார். ஒரு முனகல், அவ்வளவுதான்.

பாட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை. குளிரில் அது மந்தமாகும். உறைநிலைக்கு வந்தால் அதன் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எஞ்சின் எண்ணெயோ கெட்டிப்பட்டு, வழக்கத்தைவிட அதிக வலுவைக் கேட்கும். எங்கள் பாட்டரிக்கு வயது நான்கு. சென்னை வெயிலில் உள்ளூரத் தேய்ந்தது, உதகைக் குளிரில் அம்பலமாயிற்று.

கடை திறந்ததும் புதுப் பாட்டரி வந்தது. ஒரு பையன் மாட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனான். ஹாரன் அலறியது. விளக்கு பளீரென்று எரிந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், எல்லாம் இருட்டு!

சாவியில்தான் கோளாறு என்றார் கணவர். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்றார் பக்கத்து அறைக்காரர். மூன்றாமவர், "இறக்கந்தானே? தள்ளிவிடுங்கள்!" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

பின் ஸீட்டில் அம்மாவுக்கு ஒரே கவலை. "மணி என்னடி கண்ணு?" என்று என் பெண்ணைக் கேட்டாள்.

காரின் கடிகாரத்தைப் பார்த்து, "பன்னிரண்டு, பாட்டி" என்றாள் அவள்.

அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. இன்னொரு தடவை சாவி திரும்பியது. மறுபடியும் கேள்வி. "பன்னிரண்டு, பாட்டி."

"அப்போதும் பன்னிரண்டு, இப்போதும் பன்னிரண்டா?"

குரங்குக் குல்லாய் அணிந்து, டீ கிளாஸுடன் நின்ற வயதான டாக்ஸி டிரைவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "பாட்டிதான் கண்டுபிடிச்சிருக்காங்க, சார். சாவி போடறப்பல்லாம் கடிகாரம் முதல்லேருந்து ஆரம்பிக்குதுன்னா, கரண்ட் அறுந்து அறுந்து வருதுன்னு அர்த்தம்."

சாவியை எடுக்கச் சொல்லி, பாட்டரியின் மேல் இருந்த கிளாம்பைக் கையால் திருகினார். மெலிந்த கையில் வளையல் போல அது சுற்றியது!

விஷயம் இதுதான். பாட்டரியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளில் தடிமனான ரகம், மெலிந்த ரகம் என்று உண்டு. பெட்டி பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். வோல்ட்டும் அதே பன்னிரண்டுதான். எங்கள் காரின் கிளாம்ப் தடி முனைக்கானது. வந்த பாட்டரியோ மெலிந்த ரகம். பையன் திருகாணியைக் கடைசி வரை முடுக்கியும் இடைவெளி நிற்கிறது. ஹாரனுக்கும் விளக்குக்கும் சில ஆம்பியர் போதும். அந்த அரைகுறைத் தொடுதலிலேயே ஓடிவிடும். ஸ்டார்ட்டருக்கோ நூறு ஆம்பியருக்கும் மேல் வேண்டும். அங்கேதான் கைவிட்டது.

தள்ளும் யோசனையைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "தள்ளினா ஸ்டார்ட் ஆகும், சார். கீழே வளைவிலே குலுங்கிக் கம்பி விட்டுப்போய் எஞ்சின் நின்னா? ரெண்டு மிதியிலே பிரேக் கல்லாயிடும், ஸ்டியரிங் இறுகிடும். பாட்டியை வச்சுக்கிட்டு விளையாடாதீங்க."

கடையிலிருந்து இரண்டு சின்ன ஈய வளையங்கள் வாங்கி வந்தார். நெகடிவ் கம்பியை முதலில் கழற்றினார். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டினார். நெகடிவ் கழன்றிருந்தால் ஸ்பானர் தவறிக் காரின் இரும்பில் பட்டாலும் பொறி பறக்காதாம். வளையங்களை முனைகளில் செருகி முடுக்கினார். சாவி திரும்பியது, எஞ்சின் சிரித்தது!

உங்கள் வீட்டிலும் புதுப் பாட்டரி மாட்டிப் போனபின் கார் கிளம்பாவிட்டால், பாட்டரியைத் திட்டுமுன் சாவியை எடுத்துவிட்டு, கை வளையல், மோதிரங்களையும் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கிளாம்பைத் திருகிப் பாருங்கள். துளிகூட அசையக் கூடாது.

கோயம்புத்தூர் வரை ஒரு நல்ல வாடகை அவருக்குக் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு எங்கள் காரைச் சரி செய்தவர், வளையத்தின் விலைக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். கேத்திப் பள்ளத்தாக்கும் குன்னூரும் எப்படிக் கடந்தன என்று எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மணி ஒன்று ஐம்பது. அது என் கைக்கடிகாரத்தில்.

மறுநாள் கட்டு அவிழ்த்ததும் அம்மா என்னைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள், பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கடிகாரத்தைச் சரி பண்ணினீர்களா, இல்லையா?"