தழும்போடு எழுந்தவர்

போன மாதம் கல்லூரி மாணவர்களுக்கான ஒரு வாசிப்பு வட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது தம்பி ஒருவர் கேட்டார். "அண்ணே, மேடையில அம்பேத்கர் பேசுறீங்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும் போறீங்க. அங்கயும் சாதி இருக்கே, அப்புறம் எதுக்கு போறீங்க?"

அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அது சிரித்துக் கடக்கிற கேள்வி இல்லை.

முதலில், அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊர்க் கோயிலில் என் தாத்தாவுக்கு இடதுபக்கச் சிறகில்தான் இடம். செத்த பிறகும் கல்லறை தனி. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பினார்கள். அரசும் தன் பங்குக்கு 1950 ஆணையின் மூலம் பட்டியல் சாதி உரிமையிலிருந்து கிறிஸ்தவ தலித்துகளை வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே வந்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறோம். இதில் எதையும் நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு ஏன் போகிறேன்?

'தலித்' என்றால் நொறுக்கப்பட்டவர் என்று பொருள். 1948இல் தீண்டாமையின் மூலத்தைத் தேடி எழுதிய நூலில் பாபாசாகேப் நம் முன்னோரைச் 'சிதறுண்ட மனிதர்கள்' என்றே குறித்தார். சமூகம் நம்மை எப்படி உடைத்தது என்பதை அவரிடமிருந்துதான் படித்தேன். உடைந்தது எனக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மட்டும் வெகுகாலம் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆணவக் கொலையில் உடலை வாங்க மறுத்து நாலு நாள் பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஐந்தாம் நாள் வீடு திரும்பினேன். என் மகள் ஏதோ எதிர்த்துப் பேசினாள். கை ஓங்கிவிட்டேன். அடி விழவில்லை. ஆனால் அவள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றாள். எந்த ஆணவத்தை எதிர்த்து முழக்கமிட்டுத் தொண்டை கட்டி வந்தேனோ, அது என் கையிலேயே இருந்தது.

அம்மா திட்டவில்லை. ராத்திரி விவிலியத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தார். பன்னிரண்டு வருடம் உதிரப் பெருக்கில் கிடந்த பெண்ணின் கதை. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

அவள் தொட்டதெல்லாம் தீட்டு என்பது அன்றைய சட்டம். கூட்டத்துக்குள் ஒளிந்து வந்து, பின்னாலிருந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். நோய் நின்றுவிடுகிறது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். இயேசு விடவில்லை. தொட்டது யார் என்று கேட்டு நிற்கிறார். யாயிர் என்ற தொழுகைக்கூடத் தலைவரின் மகள் வீட்டில் சாகக் கிடக்கிறாள், அவர் அவசரத்தில் நிற்கிறார். பெரிய மனிதர் காத்திருக்க, தீட்டான பெண் ஊர் முன்னால் தன் உண்மை முழுவதையும் சொல்லி முடிக்கிறாள். 'மகளே' என்று அவளை அழைக்கிறார். தீட்டு இவரை ஒட்டவில்லை. இவரிடமிருந்த நலம்தான் அவளுக்குப் போனது.

குணமாவது என்றால் இதுதான் என்று புரிந்தது. ரத்தம் நின்றது பாதி. ஒளியாமல் நின்று பேச முடிந்ததும், ஓர் உறவுப் பெயர் கிடைத்ததும் மீதி. மறுநாள் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன், அப்பா என்ற நினைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு. நான் நொறுக்கப்பட்டவன் மட்டுமல்ல, நொறுக்கவும் கூடியவன். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சொல்லி அழ எனக்குச் சிலுவையடிதான் வாய்த்தது.

ஆனால் எச்சரிக்கை. "மன்னிச்சிடுங்க, வழக்கை வாபஸ் வாங்குங்க" என்று சமாதானம் பேச வருபவர்கள் உண்டு. அது குணமாக்கல் இல்லை, வாயடைப்பு. உயிர்த்தெழுந்த இயேசு தோமாவிடம் காட்டியது ஆணித் தழும்புகளை. உயிர்ப்பு அந்தச் சாட்சியத்தை அழிக்கவில்லை. நாமும் முதல் தகவல் அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குணமாக வேண்டியதில்லை.

மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த பறட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு ஐயா, இழிவென்று ஒதுக்கிய பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதையே இறையியலாகப் பேசினார். சாதிச் சுவர் கட்டியவர்களின் கோயில் மட்டுமில்லை இது. அவர் பறையடித்த கோயிலும், அம்மா எழுத்துக்கூட்டுகிற கோயிலும் இதுதான். அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

உங்களை மதம் மாறச் சொல்லவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் பல லட்சம் பேருடன் புத்தரிடம் போனார். அந்தப் பாதையை வணங்குகிறேன். தம்பி தங்கைகளிடம் கேட்பது ஒன்றுதான். களத்தில் அடுத்தவர் காயத்தைப் பதிவு செய்கிறீர்கள். உங்கள் காயத்தை முழுசாகச் சொல்ல உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் தேடிக்கொள்ளுங்கள். சொல்லாத காயம் வீட்டிலிருப்பவர்கள் மேல்தான் விழும்.

வரும் ஞாயிறு பூசை முடிந்து பங்குக் கூட்டம். பொதுக் கல்லறை வேண்டும் என்று மறுபடி மனு கொடுக்கிறோம். இந்த முறை என் மகளும் வருகிறாள். மனுவை எழுதியது அவள்தான்.

ஜெய்பீம்.